பி.ஆர்க் நடுவில் கல்லூரி மாறுகிறவர்களுக்கு: நான் அலைந்த கதை

பெங்களூருவில் இரண்டு வருடம் பி.ஆர்க் (ஐந்து வருடக் கட்டிடக்கலைப் பட்டப்படிப்பு) படித்துவிட்டு, இப்போது சென்னையில் ஐந்தாவது செமஸ்டரில் சேர்ந்திருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டில் அம்மா ஒண்டியாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். மாறியே ஆக வேண்டிய நிலை. ஜூனில் ஆரம்பித்த வேலை, இங்கே வகுப்பு தொடங்கிய பிறகுதான் முடிந்தது. இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பின்னால் வருகிறவர்களாவது இப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விண்ணப்பம், கட்டணம், மருத்துவச் சான்று இதெல்லாம் ஒரு சிக்கலும் இல்லாமல் போனது. காலியிடமும் இருந்தது. ஆனால் அதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டிடக்கலைப் படிப்பை நாடு முழுக்க ஒழுங்குபடுத்துகிற ஆர்க்கிடெக்சர் கவுன்சில் அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிக் கல்லூரி யாரையும் சேர்க்க முடியாது. அந்த வருடத்தில் இடம் நிரம்பாமல் இருந்தாலோ, யாராவது விலகியிருந்தாலோதான் இடம். "இருக்கும்மா, வாங்க பாத்துக்கலாம்" என்று போனில் சொல்வதை நம்பி டிசி வாங்கிவிடாதீர்கள். தற்காலிகச் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பழைய கல்லூரியில் டிசிக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

டிசியில்தான் என்னைப் படுத்தினார்கள். நூலகம், ஹாஸ்டல், லேப் என்று எல்லா இடத்திலும் நோ டியூ கையெழுத்து வாங்கி, வரிசையில் நின்று, டிசியை வாங்கி ஊருக்கு வந்தேன். சென்னைக் கல்லூரி அலுவலகத்தில் அதைப் பார்த்த மேடம் அப்படியே திருப்பி நீட்டினார். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'டிஸ்கன்டினியூட்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். "படிப்ப நிறுத்திட்டேன்னு போட்டிருக்கும்மா. நிறுத்தினவங்கள மூணாவது வருஷத்துல எப்படி எடுக்கிறது? வேற யுனிவர்சிட்டிக்கு மாறுறாங்கன்னு போட்டு வாங்கிட்டு வாங்க." அவர் சொன்னது நியாயம்தான். என் விண்ணப்பத்தில் காரணம் தெளிவாக எழுதியிருந்தும், அதைப் படிக்காமல் வழக்கமாகப் போடுகிறதைப் போட்டுக் கொடுத்தவர்கள் அங்கே இருந்தவர்கள்.

அன்றிரவே சென்ட்ரலில் பெங்களூரு மெயில் பிடித்தேன். காலையில் போய் நின்றால், டிசி கொடுத்த கிளார்க் லீவு. அவர் வந்தால்தான் ரிஜிஸ்டரில் திருத்த முடியுமாம். "ஒருமுறை கொடுத்த டிசியை மாற்றினால் ஆடிட்டில் கேள்வி வரும்" என்று பக்கத்து மேசைக்காரர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். முதல்வர் அறைக்கு வெளியே சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்து, விண்ணப்பத்தின் நகலைக் காட்டிய பிறகுதான் திருத்தம் நடந்தது. அந்த நகலில் வாங்கிக்கொண்டதற்கான சீல் இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் என் பேச்சுக்கு மதிப்பே இருந்திருக்காது. எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகலில் தேதியோடு சீல் குத்தி வாங்குங்கள். டிசியைக் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் வரி வரியாகப் படியுங்கள்.

அதே பயணத்தில் இன்னொன்று. என் பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழை, மீதிக் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்று வைத்துக்கொண்டார்கள். மீதி என்றால் நான் படிக்கப்போகாத மூன்று வருடத்தின் கட்டணம். அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்து, கடிதத்தோடு சேர்த்துப் பதிவாளருக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். மறுநாள் மதியம் சான்றிதழ் கைக்கு வந்தது, ஒரு ரூபாய்கூடக் கட்டாமல். இந்த விஷயத்தில் சத்தம் போட வேண்டியதில்லை. எழுத்தில் கேளுங்கள், போதும்.

அடுத்து சிலபஸ். இணையதளத்தில் இருந்து எடுத்த பிரின்ட் இங்கே செல்லாது. நான் படித்த நான்கு செமஸ்டருக்கும் பக்கத்துக்குப் பக்கம் பல்கலைக்கழகச் சீல் வேண்டும். கல்லூரி முதல்வரின் சீல் போதாது. இதைப் பெங்களூருவில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். அங்கே கட்டுமானப் பொருட்கள் இரண்டாம் தாளில் மரமும் செங்கல்லும். இங்கே அதே பெயரில் கான்கிரீட். யூனிட் யூனிட்டாக வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நான் முன்கூட்டியே இரண்டு சிலபஸையும் எதிரெதிரே போட்டு ஒரு அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். துறைத் தலைவர் அதையே குழுவுக்கு அனுப்பிவிட்டார். வாரக்கணக்கில் ஆகியிருக்க வேண்டியது சீக்கிரம் முடிந்தது.

நடுவில் ஒரு வீண் அலைச்சல். பழைய கல்லூரிக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அமைப்பு) அங்கீகாரக் கடிதம் வேண்டும் என்று அலுவலகத்தில் பிடிவாதமாக நின்றார்கள். இல்லாத கடிதத்துக்கு எங்கே போவது? கட்டிடக்கலைப் படிப்புக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் விதிகளே பொருந்தும் என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் சேர்ந்த வருடத்துக்கான கவுன்சில் அங்கீகாரக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கவே அவர்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஆர்க்கிடெக்சர் துறையிலிருந்து ஒரு பேராசிரியர் கீழே இறங்கி வந்து சொன்ன பிறகுதான் ஃபைலில் சேர்த்தார்கள். நாட்டா (கட்டிடக்கலை நுழைவுத் தேர்வு) மதிப்பெண் அட்டையையும் கேட்டார்கள். முதல் வருடம் சேர்ந்தாயிற்றே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் முடிந்தாலும் எந்த செமஸ்டரின் ஸ்டுடியோவில், அதாவது டிசைன் வகுப்பில், உட்கார்வது என்பது தனி விஷயம். மதிப்பெண் பட்டியலில் டிசைன் நான்கு பாஸ் என்று இருந்தால் ஐந்தில் சேர்த்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படி இல்லை. நாம் வரைந்ததைத் தொகுத்து வைக்கிற போர்ட்ஃபோலியோவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். "பெரும்பாலும் மூணாவது செமஸ்டருக்கு இறக்கிடுவாங்க, ஒரு வருஷம் போகும், மனச தயார் பண்ணிக்கோங்க" என்று அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். வீட்டு நிலைமையில் ஒரு வருடம் கூட என்பது எங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

முடித்துக் கொடுத்த பைனல் வரைபட ஷீட் எல்லாவற்றையும் பழைய கல்லூரி ரெக்கார்டுக்காக வைத்துக்கொண்டது. என்னிடம் இருந்தது ஸ்கேன்களும், யோசித்து யோசித்துக் கோடு போட்டுப் பார்த்த ஒரு ரோல் பட்டர் பேப்பரும்தான் (மெல்லிய, ஊடுருவித் தெரிகிற வரைதாள்). பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கெட்டியான வெள்ளை அட்டை வாங்கி, ஒவ்வொரு பட்டர் ஷீட்டையும் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டி, தேதி வாரியாக அடுக்கினேன். ரெண்டர் படங்களை (கட்டிடம் கட்டினால் எப்படித் தெரியும் என்று காட்டுகிற படங்கள்) ஏ3 தாளில் போட்டுக் கடைசியில் வைத்தேன்.

மூன்று பேர் பார்த்தார்கள். ரெண்டர் பக்கத்தை ஒருவரும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்கவில்லை. மூத்த பேராசிரியை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் போட்ட ஒரு செக்ஷனில் (குறுக்குவெட்டு வரைபடம்) விரலை வைத்து நிறுத்தினார். தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர், 150 மில்லிமீட்டர் உயரப் படி, மொத்தம் 24, பன்னிரண்டாவது படியில் திரும்பும். அந்த நடு லேண்டிங்குக்கு அடியில் மருந்து ஸ்டோர் கதவை முதலில் வரைந்து, பிறகு குறுக்கே கோடு போட்டுப் பக்கச் சுவருக்கு நகர்த்தியிருந்தேன். "இது ஏன் அடிச்சீங்க?" என்றார். "லேண்டிங் 1.8 மீட்டர்லயே வந்துடுது மேடம், ஸ்லாப் கனமும் போகும். அதுக்கடியில நடக்க 2.2 வேணும்" என்றேன். அவர் மற்ற இருவரையும் பார்த்தார். அதற்குப் பிறகு கேள்விகளின் தொனியே மாறிவிட்டது. மனைக்குப் போனாயா, காற்று எந்தப் பக்கம் வரும், நோயாளியோடு வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று உட்கார வைத்துப் பேசினார்கள். ஐந்தாவது செமஸ்டர் ஸ்டுடியோவுக்கே அனுமதி. அம்மாவுக்கு போன் செய்தபோது எனக்குக் குரல் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், பட்டர் பேப்பரைக் கசக்கி எறியாதீர்கள். ஜூரிக்கு (மதிப்பீட்டுக் குழு) வைத்த ஷீட்டை ஒப்படைக்கும் முன் ஸ்கேன் எடுங்கள். மாடலை நான்கு பக்கமும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

பி.டெஸ் (டிசைன் பட்டப்படிப்பு) மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கவுன்சில் கெடுபிடி கிடையாது. எதை ஏற்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும், அதில் போர்ட்ஃபோலியோவுக்குத்தான் எடை அதிகம். ஆனால் பி.டெஸ்ஸிலிருந்து பி.ஆர்க்குக்கு இடையில் ஏறலாம் என்று யாராவது கமிஷன் கேட்டால் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். பன்னிரண்டில் கணிதமும், நாட்டா அல்லது ஜேஇஇ இரண்டாம் தாளும் இருந்தால், முதல் வருடத்தில்தான் சேர வேண்டும்.

எனக்கு ஸ்ட்ரக்சர்ஸில் ஒன்றும் சர்வீஸஸில் ஒன்றும் கூடுதல் தாள் போட்டிருக்கிறார்கள். எந்தெந்தத் தாள் ஏற்கப்பட்டது, எது பாக்கி, படிப்பை முடிக்க அதிகபட்சக் காலம் எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்ற மூன்றையும் ஒரே கடிதத்தில் கையெழுத்தோடு வாங்கிவிட்டேன். காலம் பெங்களூருவில் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. பாக்கி இருப்பது கவுன்சிலில் என் மாணவர் பதிவைப் புதுக் கல்லூரிக்கு மாற்றுவது மட்டும். இரண்டு கல்லூரியும் கடிதம் அனுப்பியாயிற்று, நகல்கள் என்னிடம் இருக்கின்றன. செமஸ்டர் முடிவதற்குள் மாறவில்லையென்றால் மறுபடி எழுதிக் கேட்பேன்.