பையன் வளர்வானா? ஹார்மோன் டாக்டரிடம் போய்வந்த அனுபவம்

14 வயது நெருங்கியும் என் பையனுக்குக் குரல் உடையவில்லை. கூடப் படிப்பவர்கள் மடமடவென்று வளர, இவன் வகுப்புப் படங்களில் முன்வரிசையிலேயே நின்றான். கைபேசியில் எதையெதையோ பார்த்து, கம்பியில் தொங்குவது, கயிறு தாண்டுவது, படுக்கும் முன் முதுகை நீட்டுவது என்று தனக்கென்று ஒரு திட்டமே போட்டு வைத்திருந்தான். அதையெல்லாம் நான் கண்டுகொள்ளவில்லை. உயரம் கூட்டும் பொடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோதுதான், குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அவர் முதலில் கேட்டது பழைய அளவுகளை. நல்லவேளை, தடுப்பூசி அட்டையும் பள்ளி உடல்பரிசோதனைத் தாள்களும் கையில் இருந்தன. ஒரு வருடத் தாளின்படி அவன் 2 செ.மீ. குறைந்திருந்தான்! அதற்கு முந்தைய வருடம் ஷூவோடு அளந்திருப்பார்கள் என்று சிரித்தபடி டாக்டர் அந்த எண்ணை அடித்துவிட்டார்.

அங்கே அளந்த விதமே வேறு. வெறுங்காலோடு சுவரை ஒட்டி நிற்கவைத்து, குதிகால், இடுப்பு, தோள் எல்லாம் பலகையைத் தொடுகிறதா என்று பார்த்து, பார்வை நேராக இருக்கும்படி தலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தார்கள். 144 செ.மீ. எங்கள் இருவரையும் விடவில்லை. இத்தனை வருடமாக 172 என்று சொல்லிவந்த என் கணவர் 170தான் இருந்தார். நான் 156. அம்மா அப்பா உயரத்தைக் கூட்டி, ஆண்பிள்ளை என்றால் 13ஐச் சேர்த்து, பெண்பிள்ளை என்றால் 13ஐக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டுமாம். எங்கள் பையனுக்கு 169.5 வந்தது. அதிலிருந்து மேலும் கீழும் எட்டரை செ.மீ. வரை போகலாம் என்பதால், 161 முதல் 178 வரை எதுவும் இயல்புதான்.

“இப்போது எவ்வளவு உயரம் என்பதைவிட, வருடத்துக்கு எவ்வளவு வளர்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம்” என்றார் டாக்டர். 4 வயதிலிருந்து பருவமடையும் வரை பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்வார்கள். பருவமடைவதற்குச் சற்று முன்னால் அந்த வேகம் கொஞ்சம் குறையும். அப்புறம்தான் பாய்ச்சல். அது உச்சத்தில் இருக்கும்போது பெண்பிள்ளைகள் வருடத்துக்கு 8 செ.மீ. அளவுக்கும், ஆண்பிள்ளைகள் 9, 10 செ.மீ. வரைக்கும் வளர்வார்கள். எங்கள் பையனின் பழைய அளவுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துச் சேர்த்தபோது, கோடு கீழேதான் இருந்தது, ஆனால் சீராக ஏறியது. கடைசி ஒன்றரை வருடத்தில்தான் மற்றவர்களின் கோட்டிலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. இவன் நின்றுவிட்டான் என்று நாங்கள் பயந்தோம். உண்மையில் இவன் தன் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, மற்றவர்கள்தான் பாய்ச்சலைத் தொடங்கியிருந்தார்கள்.

பரிசோதனையின்போது என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒன்றிலிருந்து 25 மி.லி. வரை வெவ்வேறு அளவு மணிகள் கோத்த ஒரு மாலை உண்டு. அதோடு விதையின் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 4 மி.லி. வந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. இவனுக்கு அப்போதுதான் தொட்டும் தொடாமலும் இருந்தது. வெளியே வந்த பையன் முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டிருந்தான். பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது.

அடுத்து இடது கைக்கு எக்ஸ்ரே. நீள எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். கையிலும் மணிக்கட்டிலும் உள்ள எலும்புகள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று பார்த்து ‘எலும்பு வயது’ சொல்கிறார்கள். 14 வயதுப் பையனுக்கு எலும்பு வயது 12ஐ ஒட்டி வந்தது. அதாவது, இன்னும் வளர நிறைய மிச்சம் இருக்கிறது. என் கணவரும் 17 வயதுக்கு அப்புறம்தான் ஆளாக வளர்ந்தார் என்று மாமியார் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் டாக்டர் முகத்தில் பாதி விடை கிடைத்த திருப்தி.

ரத்தத்தில் தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று வளர்ச்சியைத் தடுக்கக்கூடியவற்றைப் பார்த்தார்கள். வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகப் பார்க்கவில்லை. அது நாள் முழுவதும் விட்டுவிட்டுச் சுரப்பது, முக்கியமாக ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். அதனால், வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் உடலில் உருவாகும் ஐஜிஎஃப்-1 என்ற வேறொன்றைப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் மட்டும், மருந்து கொடுத்துச் சுரக்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கும் சோதனை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பையன் கேட்டது ஒரே கேள்விதான்: “நான் என்ன செஞ்சா வளருவேன்?”

டாக்டர் மழுப்பாமல் பதில் சொன்னார். கம்பியில் தொங்கினால் எலும்பு நீளாது. முதுகெலும்பின் வட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால் காலையில் இருப்பதைவிட மாலையில் எல்லோருமே ஒரு செ.மீ. போலக் குறைவோம். தொங்கும்போது கிடைப்பதும் அந்த அளவுதான், கொஞ்ச நேரத்தில் போய்விடும். பொடிக்கு எந்த ஆதாரமும் இல்லை. சரியான மேற்பார்வையில் எடை தூக்கினால் வளர்ச்சி நிற்காது. ஆனால் உடற்கட்டுக்காக ஸ்டீராய்டு எடுத்தால் நிற்கும். அதில் இருப்பது ஆண் ஹார்மோன், அது உடலில் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுகிறது. வளர்ச்சித் தட்டை மூடுவது, ஆண்களிலும்கூட, ஈஸ்ட்ரோஜன்தான். 1994இல் மருத்துவர்கள் விவரித்த ஒருவருக்கு ஈஸ்ட்ரோஜன் உடலில் வேலை செய்யவில்லை. 28 வயதில் 204 செ.மீ. இருந்தும் அவருடைய தட்டுகள் மூடவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தார். இதைக் கேட்டதும் பையன் கண்ணில் ஒரு ஆசை மின்னியது. “அவருக்கு எலும்பு தேய்மானமும் இருந்தது” என்று டாக்டர் உடனே அணை போட்டார்.

“அப்போ நம்ம கையில ஒண்ணுமே இல்லையா?” என்றார் என் கணவர். பெருமளவு மரபணுதான். 2022இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில் உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் அதிகமான மரபணு வேறுபாடுகள் கிடைத்தன. ஆனால் 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சுமார் 20 செ.மீ. உயரம். நூறு வருடத்தில் மரபணு அவ்வளவு மாறாது. சாப்பாடும் நோயில்லாத குழந்தைப் பருவமும்தான் காரணம். அதில் பெரும்பகுதி கருவிலும் முதல் சில வருடங்களிலும் நடந்து முடிந்துவிடுகிறது. பதின்வயதில் மிஞ்சுவது, வர வேண்டிய உயரத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது: வயிறாரச் சாப்பிடுவது, பட்டினி டயட் இருக்காதது, இரவு தூங்குவது, நீண்டநாள் நோய் இருந்தால் வைத்தியம் பார்ப்பது. பையனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றியும் கேட்டோம். குறைபாடு இருப்பவர்களுக்கு அது அருமருந்து. மற்றபடி குள்ளமாக மட்டும் இருக்கும் பிள்ளைக்கு வருடக்கணக்கில் போட்டால் சில செ.மீ. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பருவத்தைச் சற்று முன்னே தொடங்கிவைக்க, சில மாதம் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. இறுதி உயரம் அதனால் கூடாது, மனவருத்தம்தான் குறையும். யோசித்துப் பார்த்து, பையனே வேண்டாம் என்றான்.

அப்புறம் காத்திருப்புதான், ஆறு மாதத்துக்கு ஒரு அளவு. முதல் முறை பெரிதாக ஒன்றுமில்லை. 15 வயதுக்கு மேல் குரல் உடைந்தது, பேன்ட் மாற்றி மாளவில்லை. இப்போது 16 ஆகிறது, 158 செ.மீ. தட்டுகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. 170க்கு அருகில் நிற்பான் என்பது அவர்கள் கணிப்பு. ஒன்றிரண்டு செ.மீ. முன்னே பின்னே ஆகலாம்.

இதைக் கேட்டு என் தங்கை, 12 வயது மகளுக்கும் காத்திருக்கலாமா என்றாள். வேண்டாம், உடனே காட்டு என்றேன். பெண்பிள்ளைகள் வயதுக்கு வருவதற்கு முன்பே பாய்ச்சலில் பெரும்பகுதி முடிந்துவிடும். அதற்கு மேல் பொதுவாக 5 முதல் 7 செ.மீ.தான் மிச்சம். காரணம் தெரியாமல் குள்ளமாக இருக்கும் பெண்ணுக்கு, எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாததாலோ குறைபட்டதாலோ வரும் டர்னர் நோய்க்குறி இருக்கிறதா என்று குரோமோசோம் சோதனையும் செய்வார்கள். அடுத்த வாரம் போகிறாள். பழைய அளவுகளைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.