இடது கண்ணின் மஞ்சள்

மார்ச் 4, செவ்வாய்

வலது கண்ணில் கண்புரை அறுவை முடிந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இடது கண்ணுக்கு 18ஆம் தேதி.

மார்ச் 6, வியாழன்

வியாழக்கிழமைகளில் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம் இரவு 9.45 வரை திறந்திருக்கும். மகள் வேலை முடிந்து வந்து கூட்டிப்போனாள். நேரே ஐந்தாம் மாடி. ஓவியர் மோனே 1900இல் தீட்டிய, ஜிவர்னி ஊரில் இருந்த தன் வீட்டுத் தோட்டம். ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத படம். ஐரிஸ் பூக்கள் சாய்வாக வரிசை கட்டி நிற்கின்றன, மரங்களுக்கு நடுவே வீடு கொஞ்சம்போல் தெரிகிறது.

முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அப்புறம் வலது கண்ணை. ஒரே பூ, ஒரே விளக்கு வெளிச்சம். வலது கண்ணுக்கு அது நல்ல ஊதா, நிழல் விழுந்த பக்கம் நீலம் ஏறியிருக்கிறது. இடது கண்ணுக்கு வதக்கிய கத்தரிக்காய்த் தோல். கிட்டே போனால் பூ இல்லை, குட்டைக் குட்டையான தூரிகைத் தீற்றல்கள்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பெயின்ட் தடித்து நிற்கிறது. மாற்றி மாற்றிக் கண்ணை மூடுவதைப் பார்த்துக் காவலர் வந்து, உடம்பு சரியில்லையா மேடம் என்று விசாரித்தார்.

இத்தனை வருடமாக இந்தப் படத்தை எந்த நிறத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 7, வெள்ளி

தூக்கமில்லை. கண் உறுத்துகிறது.

மார்ச் 9, ஞாயிறு

மோனேவுக்கும் கண்புரைதான். டாக்டர்கள் சொன்னது 1912இல். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் கத்திக்குச் சம்மதிக்கவில்லை. நண்பர் கிளெமான்சோ மருத்துவம் படித்தவர், அவர் சொல்லிச் சொல்லித்தான் கடைசியில் 1923 ஜனவரியில் வலது கண். டாக்டர் கூதலா செய்தார். மோனேவுக்கு அப்போது 82 வயது. இப்போது மாதிரி அரை மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு வருகிற காரியமா அது? கண்ணைக் கட்டி, தலையை அசைக்க விடாமல் நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். உள்ளே வைக்க லென்ஸும் கிடையாது. லண்டனில் டாக்டர் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தது 1949இல். இவருக்குப் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியைக் கொடுத்தார்கள். எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று தவித்திருக்கிறார். நிறம் பூசிய கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கிறார்.

இடது கண்ணைத் தொடவே விடவில்லை. 1926இல் சாகும்வரை.

"பயம்தாம்மா, வேறென்ன" என்கிறாள் மகள். பயம் இருந்திருக்கும். ஆனால் பழைய நிறங்களைக் கண்டவை அந்தக் கண்கள், அதில் ஒன்றையாவது அப்படியே வைத்துக்கொள்ள நினைத்திருக்க மாட்டாரா? இதையே நினைத்துக்கொண்டு குழம்பை அடிப்பிடிக்க விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கிளினிக்கிலிருந்து போன். 18 இல்லை, 27. காரணம்கூடச் சொல்லவில்லை. அழுகையே வந்துவிட்டது. ஏப்ரல் 1 அன்று ஜிவர்னி திறக்கிறது, ஆறாத கண்ணோடு அந்த மண்ணிலும் மகரந்தத்திலும் எப்படிப் போவது? ஐரிஸ் மே மாதம்தான் என்று மகள் சமாதானம் சொல்கிறாள். சரி, மே.

மார்ச் 12, புதன்

இடது கண்ணுக்குப் பால்கூட வெள்ளையாக இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பேத்தியோடு மார்மோத்தான் அருங்காட்சியகம். மோனேவின் மகன் மிஷேல் 1966இல் விட்டுப்போன படங்கள் கீழ்த்தளக் கூடத்தில் இருக்கின்றன. ரோஜாத் தோட்டத்திலிருந்து பார்த்த வீடு, 1922 முதல் 1924 வரை. "வீடு எங்க பாட்டி?" என்றாள். சிவப்பும் மஞ்சளும் சுழல்கின்றன, பச்சை கயிறு கயிறாக ஓடுகிறது. தூரப் போய் நின்று, விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினேன். "ஆமா, கூரை!" என்றாள்.

கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். அவ்வளவாக வித்தியாசமே இல்லை! ஐரிஸ் படத்தில் சண்டை போட்ட கண்கள் இங்கே ஒத்துப்போகின்றன. மஞ்சளாகிப்போன புரை நீலத்தையும் ஊதாவையும்தான் தடுக்கும். இந்தப் படத்தில் நீலம் குறைவு, தடுக்க அங்கே என்ன இருக்கிறது? நான் இடது கண்ணால் பார்க்கும் தோட்டத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

பக்கத்துப் படத்தில் நீலம் கூடியிருக்கிறது. அங்கே கண்கள் மறுபடி பிரிந்தன. அது வலது கண் அறுவைக்குப் பிறகு தீட்டியதாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

பார்வை போன கிழவரின் தடுமாற்றம் என்று இவற்றைச் சொல்பவர்களை என்னால் ஏற்கவே முடியாது. எந்த டியூபில் எந்த நிறம் என்று சீட்டைப் படித்து, தட்டில் எப்போதும் ஒரே வரிசையில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர். என்ன பூசுகிறோம் என்று தெரிந்துதான் பூசினார். பிடிக்காத எத்தனையோ படங்களைக் கிழித்தார், எரித்தார். இவற்றை விட்டுவைத்தார்.

பேத்திக்குப் பசி. கிளம்ப மனசில்லாமல் கிளம்பினேன்.

மார்ச் 20, வியாழன்

மழை. எங்கும் போகவில்லை. மகளோடு பேசவுமில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடி ஓர்சே. ஒரே கூட்டம். இடது கண்ணால் மட்டும் பார்த்தேன், அதற்கு இனி அந்த நிறம் கிடைக்காது.

மார்ச் 26, புதன்

நாளை காலை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் நிறமில்லாததும் உண்டு, லேசாக மஞ்சள் சேர்த்ததும் உண்டு என்று இன்றைக்குத்தான் படித்தேன். வலது கண்ணில் எதை வைத்தார்கள்? இடது கண்ணுக்கு எதைக் கேட்பது? அன்றைக்குக் கொடுத்த லென்ஸ் அட்டையில் எழுதியிருக்கும். மகள் பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறாள். இல்லாவிட்டால் காலையில் டாக்டரிடமே கேட்டுவிட வேண்டும், மயக்க மருந்துக்கு முன்னால்.