நீரோட்டம் திரும்பக் காத்திருந்த துறை

ஜப்பானில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஹிரோஷிமா மாகாணத்திலுள்ள தோமோனோஉரா என்னும் பழைய துறைமுக ஊரில் ஒரு நாளைக் கழித்தேன். ஃபுக்குயாமா புகையிரத நிலையத்திலிருந்து பேருந்தில் அரை மணித்தியாலப் பயணம்.

செத்தோ உள்நாட்டுக் கடலில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பெருகிவரும் நீர் இவ்வூருக்கு அண்மையில் சந்தித்து, வற்றும்போது மீண்டும் இரு திசையாகப் பிரிந்துபோகிறது. நீரோட்டம் தமக்கு வாய்ப்பாகத் திரும்பும்வரை பாய்க்கப்பல்கள் இங்கே தரித்து நின்றதால், களஞ்சியங்களும் கடைகளும் விடுதிகளும் பெருகி ஊர் செழித்தது. கரையில், நமது கோயில் கேணியைப் போல, 'கங்கி' எனப்படும் கற்படிகள் கடலுக்குள் இறங்குகின்றன. நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் ஏதாவதொரு படியில் சரக்கை இறக்கலாம். அருகே 1859இல் எழுப்பிய கல் விளக்குத்தூண் நிற்கிறது. அந்தப் படிகளில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

உள்ளே தெருக்கள் நமது ஒழுங்கைகளைப் போலவே ஒடுங்கியவை. ஓட்டுக் கூரைகளும் மரச்சலாகை முகப்புகளும் வெள்ளைச் சாந்துச் சுவர்களுமாக வீடுகள் நெருங்கி நிற்கின்றன. 16 மூலிகைகள் சேரும் ஹோமேய்ஷு என்னும் மருந்து மதுவை வடித்த நகமுரா குடும்பத்துக்கு உரியதாயிருந்து, பின்னர் ஓத்தா குடும்பத்தின் கைக்கு வந்த வீடும் அவற்றுள் ஒன்று.

இந்த ஒடுக்கமே ஊருக்கு வினையாகவும் இருந்தது. வாகன நெரிசலைத் தீர்ப்பதற்காக, துறையின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பாலம் அமைக்கும் திட்டம் 1983இல் வகுக்கப்பட்டது. அதை வேண்டியவர்களும் அவ்வூர் மக்களே என்பதை மறக்கலாகாது. எதிர்த்தவர்கள் 2007இல் வழக்குத் தொடுத்தனர். அந்தத் துறையின் காட்சி நாட்டு மக்களின் சொத்து என்று சொல்லத்தக்க பொதுநலன் எனக் கருதிய ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், தூர்ப்பதற்கு ஆளுநர் அனுமதி வழங்கக்கூடாதென 2009இல் தீர்ப்பளித்தது. 2012இல் மாகாண அரசு அத்திட்டத்தைக் கைவிட்டு மலைப்பக்கச் சுரங்கப்பாதைக்குத் திரும்பியது. 2017இல் ஊரின் ஒரு பகுதி, மரபுக் கட்டடங்களைக் காக்கும் தேசிய வட்டாரமாயிற்று.

1975இல் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சட்டம் தனிக்கட்டடத்தை மட்டுமன்றித் தெருவை முழுதாகக் காக்க வழிசெய்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி வேண்டும். பழுது பார்க்க அரசு உதவி உண்டு. உள்ளே இன்றைய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில், தெருவுக்கு மேலே கூரையிட்டுக் கட்டிய பழைய தங்குமடமான தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. ஆனால் பங்குரிமையாளர் ஐந்து நாடுகளில் வாழும் ஒரு நாற்சார் வீட்டை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய வீட்டை, அதன் திண்ணையோடும் கூரை வேய்ந்த வாயிலான சங்கடப்படலையோடும் காப்பதற்கு, அதற்கு அக்கம்பக்கமாக நிற்கும் வீடுகளும் நிலைக்கவேண்டும். தெரு போனபின் எஞ்சும் ஒற்றை வீட்டை யாரும் நெடுநாள் தாங்குவதில்லை.

எங்கள் ஒழுங்கையில் இப்போது இரண்டு சங்கடப்படலைகளே மிஞ்சியுள்ளன. எங்களுடையதன் கூரையை ஐப்பசி மழைக்கு முன் புதுக்கிடுகால் வேய ஆள் சொல்லியிருக்கிறேன், எதிர்வீட்டாரிடமும் கேட்கவேண்டும்.