என் லேப்டாப்ல ஓடுதேப்பா!

2021இல், எப்படியும் வீட்டிலிருந்துதானே வேலை என்று சென்னை அறையைக் காலி செய்துவிட்டு காட்பாடிக்கே வந்துவிட்டேன். கிளவுடில் சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் டெராஃபார்ம் என்ற கருவிக்கான கோடாக எழுதி எழுப்புவதுதான் எங்கள் ஐந்து பேரின் வேலை. கோடு ஒன்றுதான், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. அதை ஓட்டும் லேப்டாப்கள்தான் ஐந்தும் ஐந்து ரகம்.

எதையெல்லாம் எழுப்பியிருக்கிறோம் என்று டெராஃபார்ம் குறித்துவைப்பது ஸ்டேட் ஃபைல். முதல் அடி அதில்தான் விழுந்தது. நாங்கள் டெராஃபார்மின் 0.12 வெர்ஷனில் இருந்தோம். ஒருவர் புது லேப்டாப்பில் 0.13ஐப் போட்டு, பெயர்ச்சீட்டு மாதிரியான ஒரு சின்ன டேக்கை மாற்ற அப்ளை கொடுத்தார்; மாற்றத்தைக் கிளவுடில் நிஜமாகவே செய்யும் கமாண்ட் அது. ஸ்டேட்டும் கூடவே 0.13க்கு ஏறிவிட்டது. மறுநாள் மற்ற நால்வருக்கும், என்ன மாறும் என்று காட்ட மட்டும் செய்யும் பிளான்கூட ஓடவில்லை; இதை எழுதியது உன்னைவிடப் புதிய வெர்ஷன் என்று டெராஃபார்ம் கையை விரித்தது. அரை நாள் பேசி, எல்லோரும் 0.13க்கு ஏறினோம். கோடில் எந்த வெர்ஷன் வேண்டும் என்று சொல்லும் ‘ரிக்வயர்டு வெர்ஷன்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த அப்ளை அங்கேயே நின்றிருக்கும்.

அடுத்த தவறு என்னுடையது. அப்போது 0.14க்கு வந்திருந்தோம், அதில் லாக் ஃபைல் புதிது. டெராஃபார்ம் இறக்கும் புரொவைடர்களின் வெர்ஷனையும், இறங்கியது சரியான ஃபைல்தானா என்று பார்க்க உதவும் செக்சத்தையும் பதிந்துவைப்பது அது. மே மாத மதியத்தில் கரண்ட் போனால் வைஃபையும் போகும், ஹாட்ஸ்பாட்தான் கதி. ஒவ்வொரு ஃபோல்டரையும் தயார் செய்ய இனிட் கொடுக்கும்போது, அமேசான் கிளவுடோடு பேசும் பிளகினான ஏடபிள்யூஎஸ் புரொவைடர் முழுசாக இறங்கும். சாப்பாட்டுக்கு முன்பே அன்றைய டேட்டா காலி. சரி என்று, ஒருமுறை இறக்கியதையே மறுபடி எடுத்துக்கொள்ளும் பிளகின் கேஷை ஆன் செய்தேன். அந்த ஜோரில் லாக் ஃபைலையும் கிட்டில் கமிட் செய்தேன்.

மாலையில் எங்கள் டீமில் மேக்புக் வைத்திருந்த தம்பியிடமிருந்து போன்.

“அண்ணா, செக்சம் பொருந்தலைன்னு வருது. லாக் ஃபைல்ல கை வச்சீங்களா?”

“என் லேப்டாப்ல ஓடுதேப்பா!”

புரொவைடர்கள் கிடைக்கும் பொதுக் கிடங்கான ரெஜிஸ்ட்ரியிலிருந்து நேராக இறக்கினால் எல்லா பிளாட்ஃபார்ம்களின் செக்சமும் லாக் ஃபைலில் ஏறும். கேஷிலிருந்து எடுத்தால், அப்போதைய வெர்ஷன்களில், என் லினக்ஸுக்கு உரியது மட்டும்தான். ‘புரொவைடர்ஸ் லாக்’ கமாண்டில் லினக்ஸ், மேக் இரண்டையும் சொல்லி மறுபடி ஓட்டினேன். தம்பிக்கு இனிட் போனது.

செட்டப் டாக்குமென்ட் முன்பே இருந்தது. எழுதிய நானே அதைத் திறந்ததில்லை. அதனால் இந்த முறை யாரும் படிக்க வேண்டாதபடி செய்தோம். டெராஃபார்ம் வெர்ஷன் எண், கோடு இருக்கும் ரெப்போவிலேயே ஒரு வரி ஃபைலாக இருக்கும். வெர்ஷன்களை மாற்றித்தரும் டிஎஃப்என்வி என்ற கருவி அதைப் பார்த்து சரியானதை எடுத்துக்கொள்ளும். கோடை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட், தவறு பார்க்கும் லின்ட் எல்லாம் கமிட்டுக்கு முன் தானாக ஓடும் பிரீ-கமிட்டில். எல்லாவற்றையும், எந்த லேப்டாப்பிலும் ஒரே சூழலைத் தரும் டாக்கருக்குள் போட்டுவிடலாம் என்று ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். என் 8 ஜிபி லேப்டாப்பில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். வேலூர் வெயிலில் அதன் ஃபேன் போட்ட சத்தத்தில் மீட்டிங்கில் பேசவே முடியவில்லை. வேண்டாம் என்றேன்.

கமாண்டுகளுக்குச் சுருக்கப் பெயர் வைக்கும் மேக்ஃபைலில் (Makefile) பிளான் உண்டு, அப்ளை கிடையாது. அது யார் லேப்டாப்பிலும் இல்லாமல் தானாக ஓடும் பைப்லைனில் மட்டும். தம்பி ஒரு வாரம் முறைத்தான். மேக்ஃபைலில் லாக் என்று ஒரு டார்கெட்டும் சேர்த்தோம், அது ‘புரொவைடர்ஸ் லாக்’கை இரண்டு பிளாட்ஃபார்முக்கும் சேர்த்தே ஓட்டும். என் கேஷ் மட்டும் இன்னும் ஆன்தான். கரண்ட் போவது நின்றால்தானே!