பூட்டிய ஒழுங்கையைத் திறக்க பத்து மாதம்

போன கிழமைதான் காணிப் பதிவகத்திலிருந்து ஒழுங்கைக்கான உறுதி (காணிப் பத்திரம்) கைக்கு வந்தது. இப்போதுதான் இதை எழுத மனம் வருகிறது.

இலங்கையின் வன்னியில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் பத்தடி ஒழுங்கை, ஒடுக்கமான பாதை. பின்னால் இருக்கும் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் அதுதான் வழி. பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து, முள்ளுக்கம்பி அடித்து, படலை போட்டுப் பூட்டிவிட்டார். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) உள்ளே போகாது. மிளகாய்க் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம்.

முதலில் கிராம அலுவலர், பிறகு பிரதேச செயலகம். மூன்றாம் தரம் போனபோதுதான், அரசு பெர்மிட் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் தாங்கள் பார்க்கலாம், உறுதிக் காணிக்குத் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வன்னியில் ஒரு வளவு பெர்மிட், அடுத்தது உறுதி என்று இருக்கும். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்படுங்கள்.

அடுத்தது பொலிஸ். இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அம்மா தமிழில் சொன்னதை அங்கே சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டவில்லை, கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், அம்மாவும் வைத்துவிட்டார். பிறகு சட்டத்தரணி பிரதியை வாசித்தால், 'பக்கத்து வீட்டாரின் அனுமதியோடு பாவித்து வந்தோம்' என்று இருக்கிறது. அம்மா சொன்னதோ, 'அவர்கள் ஒருநாளும் மறிக்கவில்லை' என்று. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடம் இடையறாமல், உரிமையோடு பாவித்தால்தான் வழியுரிமை கேட்கலாம். அனுமதி கேட்டுப் போய் வந்திருந்தால் முப்பது வருடமும் கணக்கில் வராது. 2010இல் முகாமிலிருந்து திரும்பிய நாள் முதல் நாங்கள் நடந்த வழி அது. ஒரு சொல் அதை இல்லாமல் ஆக்கப் பார்த்தது. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இனி உறுதிதான் ஒரே பிடி என்றார் சட்டத்தரணி. எங்களுடையது 2009இல் தொலைந்துபோனது. பதிவகத்திலோ, இலக்கம் இல்லாமல் தேட முடியாது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் சின்னம்மாவின் நினைவு வந்தது. அம்மப்பா மூன்று மகள்மாருக்கும் ஒரே நாளில், ஒரே நொத்தாரிசிடம் (உறுதி எழுதும் சட்டத்தரணி) நன்கொடை உறுதி எழுதியவர். சின்னம்மா தன்னுடையதைப் பொலித்தீனில் சுற்றி, முள்ளிவாய்க்கால் வரை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார். அதன் இலக்கத்துக்கு முந்தியது அம்மாவினது, அதற்கும் முந்தியது பெரியம்மாவினது. பெரியம்மாவின் பங்குதான் பிறகு விலைப்பட்டு இந்தப் பக்கத்து வளவாக இருக்கிறது!

பிரதிகள் வந்தன. மூன்றிலும் காணி விவரம் சொல்லும் அட்டவணையில் ஒரே வரி: பத்தடி ஒழுங்கையும் வழிவாய்க்கால் உரிமையும் மூவருக்கும் பொது. அன்று அம்மா அழுதுவிட்டார்.

பிணக்கை மத்தியஸ்த சபைக்கு (பேசித் தீர்த்து வைக்கும் சபை) கொண்டு போனோம். பக்கத்து வளவுக்காரர் இரண்டு தவணை வரவில்லை. இணங்காவிட்டால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட ஆயத்தமாக இருந்தோம். ஆனால் அந்த வழக்கில் நீதிமன்றம் கொடுக்கும் கட்டளை தற்காலிகமானது, உரிமையை முடிவாகத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம்தான். மூன்றாம் தவணைக்கு வந்தவர் பெரியம்மாவின் உறுதியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பூட்டைக் கழற்றுவதாக ஒத்துக்கொண்டார்.

சபையில் எழுதிய இணக்கத்தோடு நிற்காதீர்கள். காணி சம்பந்தப்பட்ட உடன்பாடு நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். சர்வேயரைப் பிடித்து ஒழுங்கையைத் தனியாகக் காட்டும் வரைபடம் கீறுவித்து, உறுதி முடித்து, இரண்டு காணிகளின் பதிவுப் பக்கத்திலும் ஏற்றுவித்தோம். நாளைக்கு அவர் விற்றாலும் வாங்குகிறவர் தெரியாது என்று சொல்ல முடியாது.

பிரதி மூன்று எடுத்தோம். ஒன்று சின்னம்மாவிடம் இருக்கிறது.