ஓடைக்குச் சாட்சி சொன்னவர்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறக்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடிப்பது சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். பிரேசர் மலைப் பக்கம் ஊற்றெடுத்து, கோல குபு பாரு வழியாக இறங்கி, கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது அந்த ஆறு. கடலுக்கு முன்னால் அது தொடுகிற ஊர்களில் ஒன்று பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள், மணல் லோரிகள் ஓயாத சாலை. தலைநகருக்குப் போகிற தண்ணீரை ஆற்றிலிருந்து எடுக்கிற தடுப்பணையும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு சிறு கிளை ஓடையின் வடிநிலத்துக்கு நீர்த்தரத் திட்டம் தயாரித்த குழுவில் சமூக ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். பொறியியலாளர்களும் வேதியியல் படித்தவர்களும் இருந்த குழு அது. மக்களின் கருத்தைத் திரட்டி அறிக்கையில் ஓர் அத்தியாயமாகச் சேர்ப்பது என் பொறுப்பு. ஆனால் அந்தக் கருத்து கடைசி அத்தியாயத்தில் ஒட்டவைக்கிற சமாச்சாரம் இல்லை, திட்டத்தின் முதல் பக்கத்திலிருந்தே வரவேண்டியது என்று இந்த வேலையில் இறங்கிய பிறகு உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மலேசியாவில் ஆற்று நீரை மதிப்பிட நீர்த்தரக் குறியீடு ஒன்று உண்டு. கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் மிதக்கும் திடப்பொருள், காரகாடித்தன்மை (pH) என்ற ஆறு அளவுகளைச் சேர்த்து ஓர் எண்ணாக்குவார்கள். 81-க்கு மேல் என்றால் சுத்தம், 60-லிருந்து 80 வரை சற்றே மாசு, அதற்குக் கீழே மாசு. நல்ல கருவி. பல வருட எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஆற்றின் போக்கு தெரியும். ஆனால் அந்த ஆறு அளவுகளில் வாடை இல்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டி வந்தபோது, ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீரை நிறுத்தியது வாடைதான். மாதிரி எடுக்கும் பாட்டிலுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. குறித்த நாளில், பகல் வெளிச்சத்தில், கார் நிறுத்த வசதியான பாலத்தடியில்தான் அதை நிரப்புகிறோம். அந்த நேரத்துத் தண்ணீரைப் பற்றி மட்டுமே அது பேசும்.

மிச்ச நேரத்துத் தண்ணீரைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, எழுந்து போனவர்கள், ஓடையை ஒட்டிக் கடை போட்டவர்கள், தூண்டில் போடுகிற பையன்கள். அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

அலுவலக வழக்கப்படி முதல் கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு, பொது மண்டபத்தில், மலாய் மொழி விளக்கப் படங்களோடு நடந்தது. வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஊர்க் குழுப் பொறுப்பாளர்கள், கோயில் நிர்வாகத்தினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஆனால் அந்த நேரத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் தீம்பாரில் (தோட்டத்தின் ஒரு பகுதியில்) இருப்பார், பலகாரக் கடை அக்கா எண்ணெய்ச் சட்டியின் முன்னால் இருப்பார். அதனால் அடுத்த கூட்டங்களை இரவு ஏழரைக்கு மேல் கோயில் பந்தலில் வைத்தோம். பெண்களிடம் பேச மதியம் கடை அடங்கிய நேரத்தில் போனோம். தோட்டத்து வேலையில் இன்று பாதிக்கு மேல் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கியிருக்கும் கொங்சிக் குடியிருப்புக்கும் போனோம். இவர்களை விட்டுவிட்டு ‘சமூகம்’ என்று யாரையாவது எழுதினால் அது பொய்யான அறிக்கை.

பந்தலில் பாய் விரித்து அதன்மேல் வெறும் கோடுகள் மட்டும் அச்சிட்ட பெரிய வரைபடத்தைப் போட்டேன். அதில் எங்கள் ஓடை பெயரில்லாத மெல்லிய நீலக் கோடு. முதலில் யாரும் பேனாவைத் தொடவில்லை. அந்தக் காலத்து மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) ஒருவர், எழுபதைத் தாண்டியவர், உட்கார்ந்து கோட்டின்மேல் விரலை ஓட்டி, “இது கம்பிப்பாலம். இது மாட்டுத்துறை. முனியாண்டி கோயில் வளைவு இங்க வரணும், நீங்க நேரா போட்டிருக்கீங்க” என்றார். அதன்பிறகு இடம் போதவில்லை. எந்தக் கால்வாய் எங்கே சேருகிறது, பழைய லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கழிவுத்தொட்டி எந்த இடத்தில் மண்ணுக்குள் இருக்கிறது, விரால் மீன் எதுவரை கிடைத்தது, எந்த வருடத்தோடு கிடைக்காமல் போனது என்று கோடுகள் நிறைந்தன. பெண்கள் வேறு வரைபடம் போட்டார்கள் என்றே சொல்லலாம். ஆண்கள் தோட்டத்துப் பக்கத்தைக் குறித்தால், அவர்கள் கடை வரிசைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையைக் குறித்தார்கள். அது எங்கள் அலுவலக வரைபடத்தில் இல்லவே இல்லை.

மண்டோர் அன்றைக்குச் சொன்ன ஒரு வாக்கியத்தைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தேன். “ஏம்மா, நீங்க பகல்ல வந்து தண்ணி எடுத்துக்கிட்டுப் போறீங்க. இந்த ஓடைக்கு ராத்திரிலதான் சீக்கு வரும்.” நுரை எப்போது வருகிறது என்று கேட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு, அதிலும் மழை பெய்த இரவில் என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தனித்தனியாக அதையே சொன்னார்கள்.

அவரிடமிருந்துதான் உரத்தின் கதையும் வந்தது. முன்பு தோட்டம் தன் ஆட்களை வைத்து உரம் போடும். மேகம் கட்டினால் மண்டோர் வேலையை நிறுத்திவிடுவார். இப்போது குத்தகைக்காரர் மூட்டைக் கணக்கில் போடுகிறார். மூட்டை தீர்ந்தால்தான் கூலி என்கிறபோது மழை இருட்டைப் பார்த்து யார் நிறுத்துவார்கள்? போட்ட உரத்தை அடுத்த மழை வாய்க்காலில் இறக்கிவிடும். இதில் அம்மோனியா எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அறிய, குடிநீருக்காக எடுக்கும் ஆற்று நீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பு முறை அம்மோனியாவை எளிதில் நீக்காது. அளவு கூடினால் நிலையத்தை நிறுத்துவதுதான் வழி. ஓர் ஆண்டு முழுக்கப் பாலத்தடியில் பாட்டில் நிரப்பினாலும், குத்தகைக் கூலி முறைதான் ஒரு காரணம் என்று எங்கள் ஆய்வகம் கண்டுபிடித்திருக்காது.

ஆனால் தோட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. செம்பனை ஆலைகளுக்கு 1977-இலேயே தனி விதிமுறை வந்தது. கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவையை ஆயிரக்கணக்கிலிருந்து லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குப் படிப்படியாக இறக்கிய விதிமுறை அது. அடுத்தடுத்த குளங்களில் கழிவைத் தேக்கி நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைக்கும் முறை அதனால் பரவியது. ஓர் ஆலை ஓர் இடத்தில் இருக்கிறது, அதற்கு உரிமம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். எங்கள் ஓடையில் கையில் அகப்படாதவை சின்னச் சின்ன வாய்கள்தாம்: சாப்பாட்டுக் கடை எண்ணெய், பட்டறைக் கறுப்பு எண்ணெய், பல வருடமாகச் சேறு எடுக்காத கழிவுத்தொட்டிகள்.

கடைக் கழிவுநீரில் வரும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் பொறியைப் பற்றிப் பேசியபோது, கடை அக்கா ஒருவர் இதை நேருக்கு நேர் கேட்டார். “எண்ணெய்ப் பொறி வைன்னு சொல்றீங்க. வெச்சேன். அதுல சேர்ற கசடை எங்க கொட்டுறது? மறுபடி சாக்கடையிலதானே?” கூட்டத்தில் இருந்த எங்களில் யாரிடமும் பதில் இல்லை. பொரித்த எண்ணெயை வாங்கிக்கொண்டு போக ஆள் வருவார், காசும் கிடைக்கும். அதனால் அங்குள்ள பெண்கள் சேர்ந்து தகரத்தில் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். பொறியின் அடிக்கசடை வாங்க யாரும் வருவதில்லை. அதை எடுக்கும் லோரிக்கு வழி செய்யாமல் பொறியை மட்டும் கட்டாயமாக்கும் திட்டம் காகிதத்தில் மட்டும் நன்றாக இருக்கும்.

கழிவுத்தொட்டியும் இதே மாதிரிதான். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு என்றால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். தோட்டத்து லயம் தனியார் நிலம். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருப்பின் வசதிகளுக்கு முதலாளிதான் பொறுப்பு. தோட்டம் கை மாறி, நிலம் துண்டாகி, ஆட்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன பிறகு பழைய தொட்டி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பாட்டி ஒருவர் சொன்னார்: “முந்தி இந்தத் தண்ணியிலதான் சோறு ஆக்கினோம், துணி தொவைச்சோம். பைப்பு வந்ததும் ஓடையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாமப் போச்சு.” குழாய் வந்தது பெரிய நன்மை, அதற்காகப் போராடியவர்கள் இந்த மண்ணில் உண்டு. ஆனால் ஓடைக்கு நாதி இல்லாமல் போனது எப்போது என்று அவர் சொன்ன கணக்கு சரியானது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி வீட்டில் இருக்கிறவர் கம்பெனிக்கு எதிராக வாய் திறக்கமாட்டார். வேலைப் பத்திரம் முதலாளி கையில் இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பதே ஆபத்தாகத் தோன்றலாம். அதனால் இடமும் நேரமும் மட்டும் எழுதினோம், யார் சொன்னது என்று எழுதவில்லை. குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பெயரில்லாத தகவலுக்கு என்ன மதிப்பு என்றார்கள். எங்கே, எப்போது போய்ப் பார்க்கலாம் என்று சொல்கிற மதிப்பு அதற்கு உண்டு. அது போதும்.

மக்கள் எடுக்கும் அளவீடுகளின் மீதும் இதே சந்தேகம் எழுந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கலங்கல் பார்க்கும் குழாயையும் அம்மோனியாவுக்கு நிறம் மாறும் சோதனைப் பொருள்களையும் பழக்கினோம். கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தோம். ஈசல் போன்ற மெல்லிய சிறகுடைய மேஃபிளையின் இளம்புழுக்கள் இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது. சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் நிலைமை மோசம். பிள்ளைகளுக்கு இது எந்த எண்ணையும்விடச் சீக்கிரம் புரிந்தது. நீதிமன்றத்துக்கு இந்த அளவீடு செல்லாது என்பது உண்மை. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன் கீழ் வழக்குப் போட அதிகாரி முறைப்படி எடுத்து முத்திரை வைத்த மாதிரி வேண்டும். ஆனால் அந்த அதிகாரி எந்த இரவில் எந்த வாய்க்காலில் நிற்க வேண்டும் என்பதை இந்தப் பிள்ளைகளின் தாள்தான் சொல்லும். இரண்டு வேலைகளையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இந்தத் தகவல்களால் திட்டம் மாறிய இடங்கள் உண்டு. கடை வரிசைச் சாக்கடை ஓடையில் விழும் இடத்துக்குக் கீழே புதிய மாதிரிப் புள்ளி சேர்ந்தது. முதல் மழைக்குப் பின்னும் விடியற்காலையிலும் மாதிரி எடுப்பது அட்டவணையில் ஏறியது. எனக்கு மிகப் பெரிதாகப்பட்டது கரையோர ஒதுக்கு நிலம். ஐந்து மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இரு பக்கமும் ஐந்து மீட்டர், ஐந்திலிருந்து பத்து மீட்டர் அகலத்துக்குப் பத்து மீட்டர் என்று வழிகாட்டி இருக்கிறது. விளிம்புவரை செம்பனை நிற்கும்போது அந்த எண்ணை யாரும் நடைமுறைக்குக் கொண்டுவர முடியாது. காய்க்கிற மரத்தை எந்த நிர்வாகமும் வெட்டாது. மண்டோர்தான் வழியைச் சொன்னார்: செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒருமுறை மறுநடவு செய்வார்கள், அந்தச் சமயத்தில் முதல் இரண்டு வரிசையை விட்டுவிட்டு நட்டால் யாருக்கும் வலிக்காது. எந்தத் தீம்பார் அடுத்ததாக மறுநடவுக்கு வருகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வரிசையிலேயே திட்டத்தில் எழுதினோம்.

இடையில், தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று நுண்ணுயிரி கலந்த சேற்று உருண்டைகளை ஓடையில் வீசும் விழா ஒன்று நடத்தலாம் என்று யோசனை வந்தது. ஆட்கள் கூடுவார்கள், படம் நன்றாக வரும். கழிவு வருகிற வாயை அடைக்காமல் உருண்டை போட்டு ஓடை தெளியாது என்று நான் எதிர்த்தேன். அந்த நாளை எண்ணெய் சேர்க்கும் தகரங்களுக்குக் கொடுத்தோம்.

எனக்கு இந்த வேலையில் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. கேட்டுவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்து முடிவைச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு ஆய்வாளர்கள் பலமுறை வந்திருக்கிறார்கள். கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போனவர்கள் அதோடு சரி. அதனால் அளவீடுகளை நிறங்களாக்கி, தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் எழுதி, கோப்பிக் கடைச் சுவரில் மாதாமாதம் மாட்ட வைத்தேன். மோசமான எண்ணையும் மறைக்காமல் போட்டோம். பலகை வந்த பிறகுதான் அதுவரை வாய் திறக்காதவர்கள் நின்று பேசத் தொடங்கினார்கள். “இந்த மாசம் ஏன் சிவப்பு?” என்று கேட்பவரிடமே அடுத்த தகவலும் இருக்கும்.

வரைவுத் திட்டத்தில் மேற்பார்வைக் குழுவுக்கு ஊர்ப் பிரதிநிதிகள் வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். அதில் ஒரு பெண்ணும் தோட்டத்தில் இன்னும் வேலை செய்கிற ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். மாதிரிப் புள்ளியை மாற்றவோ நிறுத்தவோ அவர்களைக் கேட்காமல் முடியாது என்ற வரியும் உண்டு. மேலிடத்தில் அந்த வரியை ‘ஆலோசனை பெறப்படும்’ என்று திருத்திக் கேட்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த காலாண்டுக் கூட்டத்தின் முதல் பொருளாக எண்ணெய்க் கசடு லோரியை வைக்கச் சொல்லிக் கடை அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது பொருள், மறுநடவுக்கு வரும் தீம்பாரின் கரையோரத்தை நிர்வாகியோடு நடந்து அளப்பது. அளவு நாடாவைப் பிடிக்க மண்டோர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.