ரேடியோக்கடைக்கு முன்னால் நில்லு

நான் இப்படிப் படம் எடுத்துத் திரிவதெல்லாம் அம்மாவால் வந்தது. அக்கா மகனை டவுனுக்கு வரச்சொல்லி, "ரேடியோக்கடைக்கு முன்னால நில்லு தம்பி" என்று போனில் சொல்லிவிட்டார், அவனும் மழையில் அரைமணி நேரம் மெயின் வீதியை மேலும் கீழும் அளந்திருக்கிறான். ரேடியோக்கடை மூடிப் பல வருடம். இப்போது அங்கே போன் ரீலோட் போடும் கடை. அம்மா வயசு ஆட்களுக்கு மட்டும் அது இன்னும் ரேடியோக்கடைதான்.

அந்தக் கடைக்கு ஒரு படமாவது இருக்குமா என்று சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்களை எல்லாம் புரட்டினேன். கிடைத்தது ஒன்று, சித்தப்பா கல்யாணத்தில் எடுத்தது. பூச்சரம் கட்டிய காருக்குப் பின்னால் பெயர்ப்பலகையின் கடைசி மூன்று எழுத்து, அவ்வளவுதான்.

அதிலிருந்து மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கை மலையகத்தில் ஓடும் ஹட்டன் – மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி, டிக்கோயா, நோர்வூட் என்று தோன்றிய இடத்தில் இறங்கிப் படம் எடுக்கிறேன். தேயிலை மலை, அருவி எல்லாம் இல்லை, அதற்கு எல்ல, நுவரெலியா பக்கம் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நான் எடுப்பது சலூன் கதவு, தேத்தண்ணிக் கடை பெஞ்சு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம், தண்ணீர் பிடிக்கும் பீலி, தேயிலை ஸ்டோர் கேட், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தகரக் கொட்டில். ஆட்கள் "அங்க இறங்கு", "அது பக்கத்துல திரும்பு" என்று வழி சொல்லும் இடங்கள்.

மஸ்கெலியாவை நினைத்தால் இந்த வேலை பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. நல்ல வறட்சி வந்தால் பழைய கோயில் சேற்றிலிருந்து வெளியே தெரியும், ஊரே போனைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒருமுறை அம்மாயியைக் கூட்டிப்போனேன். கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் வெறும் சேற்றைக் காட்டி, "இங்கதான்டா தேத்தண்ணிக் கடை, உன் தாத்தா சம்பளத்தன்னிக்கு இங்க குந்தினா எழும்ப மாட்டாரு" என்றார். அதற்குப் படம் யாரிடமும் இல்லை.

வில்லியம் கிறிஸ்டன்பெரி என்று ஒரு அமெரிக்கர், 1936 இல் அலபாமாவில் பிறந்தவர், இதைத்தான் ஆயுள் முழுக்கச் செய்தார். வேலை வாஷிங்டனில், ஆனால் வருடா வருடம் ஊர்ப்பக்கம், ஹேல் கவுண்டிக்குத் திரும்பிப்போய் அதே பழைய கடை, அதே கிடங்கு, அதே சின்னத் தேவாலயம். ஆரம்பத்தில் அவர் கையில் இருந்தது மலிவான கோடாக் பிரவுனி கமெரா. கைரேகை பார்க்கும் பலகை ஜன்னலில் தலைகீழாகச் செருகியிருந்த ஒரு பழைய மரக் கட்டடம் உண்டு, படங்களை வரிசையாகப் பார்த்தால் கட்டடம் சாய்ந்து, மரம் மூடி, கடைசியில் மரம் மட்டும் நிற்கிறது.

ஒரே படம் என்றால் அது வெறும் கதவு. இரண்டாவது எடுக்கும்போதுதான் விஷயம் ஆரம்பிக்கிறது. அதனால் அதே விளக்குக் கம்பத்தடியில் நின்று, அதே தூரத்தில், மூடுபனி இறங்குவதற்குள் எடுத்துவிட்டு, தேதியையும் நின்ற இடத்தையும் எழுதிவைக்கிறேன். "என்ன தம்பி, ரோட்டு அகலமாக்கப் போறாங்களா?" என்று கடைக்காரர்கள் பயப்படுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

போன மாதம் நோர்வூட் சலூன்காரர் கதவுக்குப் பச்சை அடித்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய படத்தைக் காட்டினேன். "இது நீலமாவா இருந்துச்சு?" என்கிறார், தினமும் அதைத் திறக்கிற மனுசன்.